‘எப்போதிலிருந்து இப்படி?’ என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முடி வெட்டிக்கொள்ள அப்பாவோடு வண்டியில் போனான் என் பையன். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கரூரில் எங்கள் வீட்டிலிருந்து சலூன் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. நாய் ஒன்று குறுக்கே ஓடி வர, வண்டி சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்தவன் ரோட்டோரத்தில் போய் விழுந்தான். தலை கல்லில் மோதியது. அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். பையனுக்கென்று ஒரு ஹெல்மெட் நாங்கள் வாங்கியதே இல்லை. நாலு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும் வண்டியில் ஹெல்மெட் போட வேண்டும் என்று 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்பது இதெல்லாம் நடந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

பத்து நிமிடம்போல நினைவில்லாமல் கிடந்தான் என்றார்கள் பார்த்தவர்கள். ஆஸ்பத்திரி போவதற்குள் மூன்று முறை வாந்தி. கூப்பிட்டால் கண் திறப்பான், சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுவான், மறுபடி தூங்கிவிடுவான். ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் மூளையில் சிறிய ரத்தக் கசிவு. ஆபரேஷன் வேண்டாம், வைத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். ஐ.சி.யூ.வில் இரண்டு நாள், வார்டில் நாலு நாள், மொத்தம் 92,000 ரூபாய். என் இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. பதற்றத்தில் அது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. உங்களுக்கு இப்படி ஒரு நிலை வரக் கூடாது. வந்தால், சேர்க்கும்போதே இந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, “இனி பயமில்லைம்மா, ரெண்டு மூணு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும், அப்புறம் ஸ்கூலுக்கு அனுப்புங்க” என்றார்கள். உயிர் தப்பிவிட்டான் என்ற நிம்மதியில் நான் வேறு எதையும் கேட்கவில்லை. படிப்பில், குணத்தில், தூக்கத்தில் என்னென்ன மாறலாம், மாறினால் யாரிடம் வர வேண்டும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையாவது படித்திருக்கலாம். அதில் ஜி.சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும். தலையில் அடிபட்டவர் எந்த அளவுக்கு நினைவோடு இருக்கிறார் என்பதை 3 முதல் 15 வரை அளந்து எழுதுவார்கள். 13-ம் அதற்கு மேலும் லேசான அடி, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. என் பையனுக்கு 12 என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் இரண்டு வருடம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது.

பீரோவுக்குள் போனதற்கு ஒரு காரணம் உண்டு. என் கணவர் அந்த நாளுக்குப் பிறகு வண்டி எடுக்கவே நடுங்கினார். ராத்திரி எழுந்து பையன் மூச்சு விடுகிறானா என்று பார்ப்பார். யாராவது விபத்து என்று ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று நானும் என் அத்தையும் முடிவு செய்தோம். “போனது போச்சு அம்மிணி, அதைப் பேசிப் பேசி அவனைக் கொல்லாத” என்றார் அத்தை. கணவரைக் காப்பாற்ற நினைத்துத்தான் அப்படிச் செய்தோம். ஆனால் வீட்டில் பேசாததை டாக்டரிடமும் பேசாமல் விட்டேன். என் பையன் இழந்த பதினான்கு மாதமும் அதில்தான் போயிற்று.

முதல் ஆறேழு மாதம் அவன் தேறிவிட்டதாகவே நினைத்தோம். அடிக்கடி தலைவலி என்பான். பள்ளிவிட்டு வந்ததும் யூனிஃபார்ம்கூட மாற்றாமல் படுத்துத் தூங்கிவிடுவான். உடம்பு தேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததற்கு, லீவு நிறையப் போட்டதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம். 2024 ஜூனில் நான்காம் வகுப்பு தொடங்கியதும் மூடி மறைக்க முடியாமல் போயிற்று. பாடம் கூடியது, போர்டில் எழுதிப் போடுவது கூடியது, ஒரே கணக்கில் மூன்று நாலு படிகள் வந்தன. டைரியில் வாரம் இரண்டு முறை சிவப்பு மையில் குறிப்பு வரும்: வகுப்பில் கவனம் இல்லை, வேலையை முடிப்பதில்லை, ஜன்னலையே பார்க்கிறான். பென்சில் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், டிபன் மூடி என்று தினம் ஒன்றைத் தொலைத்தான். முன்பெல்லாம் யாரிடமும் சண்டைக்குப் போகாதவன், ரப்பர் கேட்ட பையனைத் தள்ளிவிட்டான். பிறகு அவனே உட்கார்ந்து அழுதான். மாடிக்குப் போய்த் துண்டும் துவைக்கிற சட்டையும் எடுத்துவரச் சொன்னால் வெறுங்கையோடு படியில் நிற்பான். ஒருநாள் கத்தினேன். “ஏதோ எடுத்துட்டு வரச் சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதும்மா. என்னனுதான் தெரியல” என்றான். திமிர் பேசுகிறான் என்று நினைத்துக் கையில் இருந்த கரண்டியால் அடித்தேன். அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

என் அக்கா பையனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்புமாக இருக்கும் கோளாறு, என்று ஐந்து வயதிலேயே சொல்லியிருந்தார்கள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் ஓடிக்கொண்டே இருப்பவன். பந்தியில் இலை போடுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிடுவான். அவனைப் பார்த்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. ஆகவே என் பையனுக்கும் கவனமில்லை என்று பள்ளியில் சொன்னதும் எல்லோருமே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். “நம்ம வீட்டு ரத்தம்டி, என் பையன் மாதிரியேதான், சீக்கிரம் கூட்டிட்டுப் போ” என்றாள் அக்கா. ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதும் உண்மைதான். அந்த உண்மையே எங்களுக்குத் திரையாகிவிட்டது. எட்டு வயது வரை பந்தியில் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்ட பையன் இவன் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை, பெற்ற நானும்கூட.

பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு தெரபி மையத்துக்குக் கூட்டிப்போனேன். நாலு பக்க ஃபாரம் ஒன்று கொடுத்தார்கள். பிரசவம் எப்படி, எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்று வரிசையாகக் கேள்விகள். மூன்றாம் பக்கத்தில் ‘தலையில் அடி பட்டதுண்டா’ என்று ஒரு வரி. பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். ‘ஆம், சிறியது, சரியாகிவிட்டது’ என்று எழுதினேன். அந்தச் ‘சிறியது’ என்ற சொல்லை எழுத நான் யார்? அங்கே உட்கார்ந்திருந்தவரும் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கும் பள்ளி டீச்சருக்கும் தனித்தனியாக ஒரு கேள்விப்பட்டியல். ‘சொல்வதைக் கவனிப்பதில்லை’, ‘பொருட்களைத் தொலைக்கிறான்’, ‘தொடங்கியதை முடிப்பதில்லை’ என்று ஒவ்வொன்றுக்கும் எப்போதாவதா, அடிக்கடியா, மிக அடிக்கடியா என்று டிக் அடிக்க வேண்டும். எல்லாம் மிக அடிக்கடி. ஐ.க்யூ. பார்த்தார்கள், 98 வந்தது. “புத்தி நல்லா இருக்குங்க, கவனம்தான் இல்ல, கவனக்குறைவு வகை ஏ.டி.எச்.டி.” என்றார்கள். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தப் பட்டியல் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்கிறது. எந்த நாளிலிருந்து இப்படி என்று அதில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கட்டத்தைப் பெற்றவர்கள்தான் நிரப்ப வேண்டும் என்று எனக்குச் சொல்வாரில்லை.

மூன்று மாதத்துக்கு 36,000 ரூபாய் பேக்கேஜ். அடுத்தடுத்து இரண்டு முறை கட்டினேன். வாரம் இரண்டு நாள் அரை நாள் லீவு போட்டு பஸ்ஸில் கூட்டிப்போவேன். பள்ளி முடிந்து ஓய்ந்துபோன பிள்ளையை ஒரு மணி நேரம் பஸ்ஸில் குலுக்கிக் கொண்டுபோய், மணி கோக்க வைத்து, பேலன்ஸ் பலகையில் நிற்க வைத்து, மறுபடி பஸ்ஸில் கொண்டுவருவேன். எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து ஹோம்வொர்க். இடையில் ஒருவர் சொன்னார் என்று அபாகஸ் வகுப்புக்கு 8,000. ஞாபகசக்திக்கு என்று கடையில் விற்கிற டானிக்குகள் தனி. வீட்டில் ஸ்டார் ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிட்டோம். நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்தால் ராத்திரி ஒரு ஸ்டார். அக்கா பையனுக்கு அது அற்புதமாக வேலை செய்த முறை. என் பையன் அட்டையின் முன்னால் நின்று, “இன்னைக்கு ஏம்மா ஸ்டார் இல்ல?” என்று கேட்பான். காலையில் நடந்ததை நான் சொல்லச் சொல்ல, யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிக் கேட்பவன்போல முழிப்பான்.

பிறகு மையத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஏ.டி.எச்.டி. மாத்திரையை எழுதினார். இது சாதாரணமாக எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிற மாத்திரை இல்லை. கட்டுப்பாடு அதிகம் உள்ள பட்டியலில் இருக்கிறது, சீட்டு இரண்டு பிரதி வேண்டும். அதற்காகத் திருச்சி வரை அலைந்தேன். ஐந்து வாரம் கொடுத்தோம். கொஞ்சம் நேரம் கூட உட்கார்ந்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுகிற வேகம் கூடவில்லை, பசி போயிற்று, இரண்டு கிலோ இறங்கினான், மாலையில் காரணமில்லாமல் அழுதான். நிறுத்திவிட்டோம். மருந்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே மாத்திரையில் என் அக்கா பையன் மிக நன்றாகத் தேறியிருக்கிறான். அடிபட்ட பிள்ளைகளிலும் சிலருக்கு உதவும், சிலருக்கு அவ்வளவாக உதவாது, ஆகவே விபத்தைத் தெரிந்த ஒருவர்தான் அளவு பார்த்துக் கொடுத்துக் கவனிக்க வேண்டும் என்று பிறகு எனக்கு விளக்கினார்கள். அன்றைக்கு எழுதிய டாக்டருக்கு விபத்தே தெரியாது. நான் சொல்லவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் தெருவில் முன்பு டியூஷன் எடுத்த பெண். அவள் என் பையனுக்கு இரண்டாம் வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கல்யாணமாகிப் போய், 2025 ஆகஸ்டில் பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்தாள். அரை மணி நேரம் இவனோடு உட்கார்ந்துவிட்டு என்னிடம் வந்து, “அக்கா, இவன் இப்படி இருந்த பையன் இல்லையே. எப்ப இருந்து இப்படி?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி பரணிலிருந்து பழைய நோட்டுக்களை இறக்கினேன். இரண்டாம் வகுப்பு நோட்டில் குண்டு குண்டாகக் கையெழுத்து, பக்கம் முழுக்க எழுதியிருக்கிறான். 2023 ஜூலை வரை அதே கைதான். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பக்கமும் பாதியில் நிற்கிறது. வாக்கியம் நடுவில் அறுந்து கிடக்கிறது. தேதியோடு எல்லாம் அங்கேயே இருந்தது. கணவரை எழுப்பிக் காட்டினேன். அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். தயவுசெய்து பிள்ளைகளின் பழைய நோட்டுக்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் இருக்கும் பழைய வீடியோக்களையும் அழிக்காதீர்கள். ஒரு பிள்ளை முன்பு எப்படி இருந்தான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

அடுத்த வாரம் நோட்டுக்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டதே அந்தக் கேள்விதான். பிறகு, அடிபட்டதற்கு முன்னால் கடைசியாக அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு முதலில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். சலூனுக்குக் கிளம்பியது ஞாபகம், அதன் பிறகு வார்டில் பாட்டி இட்லி ஊட்டியதுதான் ஞாபகம் என்றான் பையன். நடுவில் மூன்று நாள் காணோம். நினைவில் விழுந்த அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்பது அடியின் கடுமையைச் சொல்லும் என்றார். நாங்கள் ஒருநாளும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. ஜன்னலைப் பார்ப்பது வெறும் கவனமின்மைதானா, அல்லது சில நொடி நினைவு தப்பும் வலிப்பா என்று பார்க்க, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார். தலையில் அடிபட்ட பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம், கைகால் இழுக்காமல் வெறித்துப் பார்ப்பதாக மட்டுமே சில வகை இருக்கும். காது டெஸ்ட்டும் எடுக்கச் சொன்னார், ஏனென்றால் காதைச் சுற்றியுள்ள எலும்பில் அடிபட்டால் கேட்கும் திறன் குறைந்து, சொல்வது காதில் விழாத பிள்ளைக்குக் கவனமில்லாதவன் என்று பெயர் வந்துவிடும். இரண்டும் நல்லபடியாக வந்தன. ஆனால் இவற்றைப் பார்க்காமல் ஏ.டி.எச்.டி. என்று யார் சொன்னாலும் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், உயிருக்கு ஆபத்தா என்று சொல்லும். மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டிருப்பதை அது பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது பழைய சிறு கசிவுகளின் தழும்பு நாலைந்து இடத்தில் தெரிந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி கரடுமுரடான எலும்புத் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். தலை எந்தப் பக்கம் மோதினாலும் அந்தப் பகுதி எலும்பில் உரசிக் காயப்படும். கவனம், திட்டமிடல், கோபத்தை அடக்குவது எல்லாம் அங்கேதான். அது முழுதாக வளர்ந்து முடிய இருபது வயது தாண்டிவிடும். அதனால் சின்ன வயதில் பட்ட அடி அப்போதே தெரியாமல், பாடமும் பொறுப்பும் கூடும் வகுப்பில் போய்த் தெரியும். நான்காம் வகுப்பில் ஏன் என்று நான் தலையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. ஏழு வயதுக்குள் அடிபட்ட குழந்தைகளை ஏறக்குறைய ஏழு வருடம் தொடர்ந்து பார்த்து 2018-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். கைகால் எலும்பு முறிந்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், தலையில் கடுமையாக அடிபட்டவர்களுக்குப் பிறகு கவனக்கோளாறு வரும் ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல். சிலருக்கு அடிபட்டுப் பல வருடம் கழித்தே வந்திருக்கிறது. ஆறு மாதம் நன்றாக இருந்தான் என்பதை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது.

பிறகு நரம்பு உளவியல் சோதனை, அதாவது கவனம், ஞாபகம், வேகம் என்று மூளையின் ஒவ்வொரு திறனையும் தனித்தனியாக அளப்பது. பெங்களூரில் இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கென்று உருவாக்கிய சோதனைத் தொகுப்பு இருக்கிறது, அதை வைத்து இரண்டு காலை வேளைகளில் பார்த்தார்கள். ஒரே நாளில் முடித்தால் களைப்பைத்தான் அளப்போம், பிள்ளையை அளக்க மாட்டோம் என்றார் அந்த உளவியலாளர் அம்மா. முன்பே கற்றது, சொல்வளம், பொது அறிவு எல்லாம் நன்றாக இருந்தன. அவைதான் ஐ.க்யூ.வைத் தூக்கி 98-ல் நிறுத்தியிருக்கின்றன. வேகமும், புதிதாகக் கற்றதை அரை மணி கழித்து நினைவுக்குக் கொண்டுவருவதும் மிகவும் கீழே கிடந்தன. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியாது, ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண் கேட்டு வாங்க வேண்டும். அவர் எனக்குச் சொன்னது இது: “உங்க பையன்கிட்ட அரிசி, தண்ணி எல்லாம் இருக்கும்மா. அடுப்புல தீதான் சின்னதா எரியுது. வேக நேரமாகும். நீங்க ஆளுக்கொரு தடவை மூடியைத் திறந்து பாத்துட்டே இருந்தா எப்படி வேகும்?” அவரேதான் இன்னொன்றும் சொன்னார். நூறு வருடத்துக்கு முன்பு மூளைக்காய்ச்சல் ஒன்று உலகம் முழுக்கப் பரவி, பிழைத்த குழந்தைகள் பலர் துறுதுறுப்பும் கவனமின்மையுமாக மாறினார்களாம். அதைப் பார்த்து, இப்படி இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூளையில் ஏதோ சேதம் என்று வெகுகாலம் டாக்டர்கள் நம்பினார்களாம். அடிபடாத பிள்ளைகளையும் அடிபட்டவர்கள் என்று எண்ணிய காலம் அது. என் பையன் விஷயத்தில் தலைகீழாக நடந்திருக்கிறது.

இப்போது இரண்டு பையன்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது, எப்படித்தான் ஒன்று என்று நினைத்தோமோ. பத்துக் கணக்கு கொடுத்தால் அக்கா பையன் ஐந்து நிமிடத்தில் பத்தையும் போட்டுவிடுவான், கூட்டலைக் கழித்தலாகப் போட்டிருப்பான். என் பையன் ஆறு போடுவான், ஆறும் சரியாக இருக்கும், மீதி நாலு வெற்றிடம். அக்கா பையனுக்குப் பிடித்த கிரிக்கெட் என்றால் போன வருட மேட்சின் ஸ்கோர் வரை ஒப்பிப்பான். இவனுக்கு மிகவும் பிடித்த கார்ட்டூனில்கூட நேற்று எந்தக் கதை ஓடியது என்று தெரியாது. அவன் ராத்திரி பத்து மணிக்கும் குதிப்பான். இவன் காலை பதினொன்று வரை தெளிவாக இருப்பான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு மங்குவதுபோல மங்கிவிடுவான், தலைவலிக்கும். அவன் கோபம் சின்ன வயதிலிருந்தே அவனோடு இருப்பது. இவன் கோபம் அந்த ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது, வந்ததற்கு அவனே வெட்கப்படுகிறான். இதை வைத்து நீங்களே வீட்டில் முடிவு செய்துவிடாதீர்கள். அடிபட்ட பிறகு அக்கா பையனைப் போலவே படபடவென்று ஆகும் பிள்ளைகளும் உண்டு. முன்பே ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள்தான் அதிகம் விழுந்து அடிபடுவதும், ஆகவே இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. ஏ.டி.எச்.டி. என்று சொல்வதற்கு 12 வயதுக்கு முன்பே அறிகுறி தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும் என்பது விதி. எட்டு வயதில் அடிபட்டவன் இந்த மூன்றிலும் தேறிவிடுகிறான். அதனால்தான் ‘முன்பு எப்படி இருந்தான்’ என்பதை நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரிய சிகிச்சை எதுவும் இல்லை. முதலில் தூக்கம். ஒன்பது மணிக்கு வீட்டில் டி.வி. அணைந்துவிடும். பள்ளிவிட்டு வந்ததும் நாற்பது நிமிடம் படுக்கிறான், அதன் பிறகுதான் புத்தகம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்கிறேன், சொன்னதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். இடுப்பில் ஒரு சின்ன நோட்டு, அதில் இன்று என்ன பீரியட், என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கும். ஸ்டார் அட்டையைக் கழற்றிவிட்டோம். நாள் முடிவில் பரிசும் தண்டனையும் கொடுத்தால் இவனுக்குக் காரணமும் பலனும் சேராது. தப்பு நடக்கும் முன்பே சூழ்நிலையை மாற்றுவதுதான் உதவுகிறது. அவன் தள்ளிவிட்டதெல்லாம் மதியக் கடைசி பீரியட்களில் என்று எழுதி வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. அந்த நேரத்தில் பத்து நிமிடம் நூலகத்தில் தனியாக உட்கார வைக்கிறார்கள், தள்ளுவது நின்றுவிட்டது. பள்ளியில் ரிப்போர்ட்டோடு போய்க் கெஞ்சியும் கேட்டேன், கோபப்பட்டும் கேட்டேன். முதல் பெஞ்ச், போர்டை நகல் எடுக்க வேண்டாம், டீச்சர் நோட்டை நான் போட்டோ எடுத்துக்கொள்கிறேன், பத்துக் கணக்கில் ஐந்து போட்டால் போதும், தேர்வில் கூடுதல் நேரம். வகுப்பு டீச்சர் ஒப்புக்கொண்டார். அவருக்கு நான் காட்டியது ரிப்போர்ட்டை அல்ல, அந்த இரண்டு நோட்டுக்களை. ரிப்போர்ட் படிக்க அவருக்கு நேரமில்லை, நோட்டு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

பணத்தைச் சொல்ல வேண்டும். மையம், அங்கே எடுத்த முதல் சோதனை, அபாகஸ், டானிக், மாத்திரைக்கு அலைந்தது எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 95,000 ரூபாய் போயிருக்கிறது, சம்பளம் பிடித்த லீவு 31 நாள். சரியான வழிக்கு எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., காது டெஸ்ட், உளவியல் சோதனை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 23,000-தான் ஆயிற்று. இதிலும் பாதியை மிச்சப்படுத்தியிருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (டி.இ.ஐ.சி.) இருக்கிறது, அங்கே கட்டணம் இல்லை. முதலில் அங்கே போய், எங்கே அனுப்பச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாலே போதும். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. பதினான்கு மாதம் அவன் வாங்கிய திட்டுக்கும் அடிக்கும் கணக்குப் போட என்னால் முடியவில்லை.

என் கணவர் இப்போது பேசுகிறார். டாக்டரிடம் போகும்போதெல்லாம் அவரே முன்னால் உட்கார்ந்து அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்கிறார். முதல் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது, பையன்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பையனுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டோம், “நீ சோம்பேறி இல்ல சாமி, தலையில பட்ட அடியால வேகம் குறைஞ்சிருக்குது” என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நான் முட்டாள் இல்லையாம்மா?” என்று கேட்டான். இவ்வளவு நாளும் அவன் தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

வேகம் முழுதாகத் திரும்பவில்லை, திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி முயன்று பார்க்கலாமா என்பதை ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளி, பாடத்துக்கொரு டீச்சர், ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் கொடுக்க ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று தடவை அடித்து எழுதினேன். அதன் முதல் வரி: ‘என் மகனுக்கு 2023 ஆகஸ்டில் தலையில் அடிபட்டது, அதன்பின் மூன்று நாள் நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை.’